வீட்டில் மாவு அரைக்கும் தொழில்: உத்யம் சான்று இருந்தால் போதுமா?

வாசகியின் கடிதம்: "மதுரை ஆனையூரில், மாமியார் பெயரில் உள்ள இரண்டரை சென்ட் வீட்டின் தரைத்தளத்தில் நான்கு ஆண்டுகளாக இட்லி மாவும், இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி வகைகளும் தயாரித்து விற்று வருகிறேன். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். ஒரு குதிரைத்திறன் கொண்ட டில்டிங் கிரைண்டர் இரண்டும், இரண்டு குதிரைத்திறன் கொண்ட பொடி அரைக்கும் இயந்திரம் ஒன்றும் இருக்கின்றன. மூன்று பெண்கள் உதவிக்கு வருகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வேலையைத் தொடங்குவோம். உத்யம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வைத்திருக்கிறேன். தொழில் வரியும் கட்டுகிறேன். சென்ற மாதம் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்ததால் மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இது குடியிருப்புப் பகுதி, இங்கே இதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் மின்வாரியத்தார் வந்து மீட்டரைப் படம் எடுத்துச் சென்றார்கள். வீட்டின் முன்பக்கச் சுவரை எடுத்துவிட்டு ஷட்டர் வைத்துக் கடை போல அமைக்கலாம் என்று நினைத்திருந்தோம். எல்லாச் சான்றும் இருந்தும் நான் ஏன் பயப்பட வேண்டும்? தொழிலை நிறுத்திவிட வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

தொழிலை இன்றே நிறுத்த வேண்டிய நிலை எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. எழுத்து வடிவில் எந்த நோட்டீசும் வராத நிலையில், ஒருவர் வாசலில் நின்று சொன்ன சொல்லுக்காக, உங்கள் குடும்பத்தோடு இன்னும் மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடும் வேலையை மூடிவிட வேண்டாம். ஆனால் ஷட்டர் வைக்கும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

"எல்லாச் சான்றும் இருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களில் என்னிடம் வருவோர் பெரும்பாலும் சொல்லும் வார்த்தை இதுதான். அவர்கள் சிக்கிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். நீங்கள் வைத்திருக்கும் சான்றுகள் எல்லாமே தேவையானவை, முறையானவை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உங்கள் வீடு அமைந்திருக்கும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. உத்யம் பதிவு என்பது 2020 ஜூலை முதல் கட்டணம் ஏதுமின்றி, நாமே இணையத்தில் அளிக்கும் விவரங்களை நம்பி, குறு, சிறு தொழில் செய்கிறவர்களுக்குத் தரப்படும் ஓர் அடையாளம். வங்கிக் கடனுக்கும் அரசின் சலுகைகளுக்கும் அது உதவுமே தவிர, எந்தத் தெருவில் எந்த இயந்திரத்தை ஓட்டலாம் என்று அது சொல்வதில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் நீங்கள் பெற்றிருக்கும் பதிவு, மாவு சுத்தமாகத் தயாராகிறதா என்பதைப் பார்க்கிறது. அது தயாராகும் அறை குடியிருப்புப் பகுதியில் இருக்கிறதா என்பது அந்தத் துறையின் கவலை அல்ல. தொழில் வரி உங்கள் சம்பாத்தியத்தின் மீது விதிக்கப்படும் வரி. அதைக் கட்டிய ரசீதைத் தொழில் உரிமம் என்று நினைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. நாளை ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தாலும் இதே கதைதான்: அங்கே வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் முகவரிக்கான ஆதாரமாக மட்டுமே கேட்கப்படுகின்றன. தொழிலுக்கான அனுமதி ஒன்று, தொழில் நடக்கும் இடத்துக்கான அனுமதி இன்னொன்று என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இடத்தைப் பற்றிப் பேசுவது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த இடம் எதற்கு என்று பிரித்துக் காட்டும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒரு பகுதிக்கு நடைமுறைக்கு வந்துவிட்டால், அங்குள்ள நிலத்தையும் கட்டடத்தையும் அந்தத் திட்டம் குறித்த உபயோகத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. கட்டடம் கட்டுவதை மட்டும் அச்சட்டம் 'வளர்ச்சி' என்று கருதவில்லை. இருக்கும் கட்டடத்தின் உபயோகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் அதே சொல்லுக்குள் அடங்கும். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமல், குடியிருந்த அறையை வேலைக்கூடமாக மாற்றினாலே முன் அனுமதி பெற வேண்டிய நிலை வரலாம் என்பது இதன் பொருள். அதே சமயம், குடியிருப்போடு இயல்பாகச் சேர்ந்த உபயோகங்களை அச்சட்டம் தொந்தரவு செய்வதில்லை. வீட்டில் இருந்தபடி ஊறுகாய் போட்டு உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் விற்கும் ஒருவர் வீட்டின் உபயோகத்தை மாற்றிவிட்டார் என்று எவரும் சொல்ல முடியாது. அந்த எல்லை எங்கே மீறப்படுகிறது என்பதற்கு ஒற்றை அளவுகோல் கிடையாது. வேலைக்கு வெளியாட்கள் வருகிறார்களா, இயந்திரம் எவ்வளவு, வாடிக்கையாளர்கள் வாசலில் கூடுகிறார்களா, வண்டிகள் எங்கே நிற்கின்றன, வெளியே இருந்து பார்த்தால் அது வீடாகத் தெரிகிறதா, கடையாகத் தெரிகிறதா என்பவை எல்லாம் சேர்த்தே எடைபோடப்படும். உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்வதானால், நீங்கள் அந்த எல்லையை முழுதாகத் தாண்டிவிட்டீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் எல்லைக்கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

எந்தெந்த உபயோகப் பகுதியில் எவை அனுமதிக்கப்படும் என்ற பட்டியல், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. குடியிருப்புக்கு அதில் இரண்டு வகைகள் உண்டு. ஆதாரக் குடியிருப்பு என்பது முதல் வகை. வீடுகளோடு, அங்கே குடியிருக்கும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் ஆலோசனை அறை, அன்றாடத் தேவைக்கான சிறு கடை, தையல், முடிதிருத்தகம் போன்றவற்றோடு அது பெரும்பாலும் நின்றுவிடும். கலப்புக் குடியிருப்பு என்பது இரண்டாவது வகை. அங்கே கடைகளுக்கும், குதிரைத்திறன் வரம்புக்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கும் கூடுதல் இடம் உண்டு. "குடியிருப்புப் பகுதி" என்று உங்களிடம் சொன்னவர் இந்த இரண்டில் எதைச் சொன்னார் என்பதே உங்கள் வழக்கின் உயிர்நாடி. அவரே அதைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று எண்ண வேண்டாம்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். "எந்த மண்டலம்?" என்று மாநகராட்சியில் கேட்டால், மக்கள் தங்கள் வார்டு எந்த மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது என்பதைச் சொல்வார்கள். அது நிர்வாக வசதிக்கான பிரிப்பு. நமக்கு வேண்டியது நில உபயோக வகைப்பாடு. மனுவில் 'மண்டலம்' என்று மட்டும் எழுதினால் பதில் வேறு திசையில் போய்விடும். "நில உபயோக வகைப்பாடு" என்றே எழுதுங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வேண்டியவை: வீட்டு மனையின் புல எண் அல்லது நகரளவை எண், மனைப்பிரிவு அனுமதி எண், கட்டட வரைபட அனுமதியின் நகல். இவற்றில் மூன்றாவதைத் தேடுவதில்தான் ஆனையூர்க்காரர்களுக்குச் சிரமம். மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது 2011இல். அதுவரை ஆனையூர் தனி நகராட்சியாக இருந்தது. அவனியாபுரமும் திருப்பரங்குன்றமும் அப்படியே; திருநகர், விளாங்குடி போன்றவை பேரூராட்சிகளாக இருந்தன. அதற்கு முன் கட்டிய வீடுகளின் அனுமதி அன்றைய உள்ளாட்சியின் பெயரில்தான் இருக்கும். "மாநகராட்சியில் உங்கள் வீட்டுக்குப் பிளான் அப்ரூவலே இல்லை" என்று யாராவது சொன்னால் பதறாமல், மூலப்பத்திரத்தோடு கட்டி வைத்திருக்கும் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால், கடன் கொடுத்த வங்கியின் கோப்பில் ஒரு நகல் இருக்க வாய்ப்பு அதிகம். மனையே அங்கீகாரம் இல்லாத பிரிவில் வாங்கியது என்று தெரியவந்தால், 2017ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தின் கீழ் அது முறைப்படுத்தப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தீராமல் மற்ற எதையும் கேட்கப் போகாதீர்கள்.

ஆவணங்கள் கையில் வந்ததும், மதுரையிலுள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்கும், இந்தப் புல எண்ணுக்கு முழுமைத் திட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள நில உபயோக வகைப்பாடு யாது என்று ஒற்றைக் கேள்வியாக மனு கொடுங்கள். பதில் வரத் தாமதமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த மனுவில் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதத் தேவையில்லை. மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிலத்தின் வகைப்பாடு என்பது எவரும் கேட்டுப் பெறக்கூடிய தகவல், அதோடு உங்கள் நடப்பைக் கலந்து எழுதினால் கேள்விக்கு நேரான பதில் வராது.

பதில் கலப்புக் குடியிருப்பு என்று வந்தால் உங்கள் பாதை பெருமளவு நேராகிவிடும். உங்கள் இயந்திரங்கள் மூன்றும் சேர்ந்து 4 குதிரைத்திறன்தான். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்ற கணக்கில் அது சுமார் 3 கிலோவாட். அதைக் குறிப்பிட்டு, தரைத்தளத்தின் எந்த அறை எவ்வளவு பரப்பில் தொழிலுக்குப் பயன்படுகிறது என்பதைக் காட்டும் எளிய வரைபடத்தோடு தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆதாரக் குடியிருப்பு என்று வந்தால் நிலைமை வேறு. மின்மோட்டார் வைத்து வெளியாட்களைக் கொண்டு மாவு அரைப்பதை "குடியிருப்போடு சேர்ந்த உபயோகம்" என்று வாதிடலாம்தான், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வாதத்தை மட்டும் நம்பி நாலு வருட உழைப்பைப் பணயம் வைக்க மாட்டேன். அப்போது அரைக்கும் வேலையை அருகில் கலப்புக் குடியிருப்பாகவோ வணிகப் பகுதியாகவோ உள்ள சாலையோரத்தில் ஒரு சிறு அறைக்கு மாற்றிவிட்டு, பொடி வறுப்பது, பொட்டலம் கட்டுவது, கணக்கு, தொலைபேசி ஆர்டர் ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொள்வதே நான் சொல்லும் வழி. நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அறிவிப்பு, ஆட்சேபணைகள், கட்டணம், அரசின் ஆணை என்று நீளும் அந்த நடைமுறை, ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். நாற்புறமும் வீடுகள் சூழ்ந்த இரண்டரை சென்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கெல்லாம் மேலாக, ஆட்சேபணை தெரிவிக்கும் முதல் ஆள் யாராக இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது ஷட்டருக்கு வருகிறேன். நம் ஊரில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஒன்றும் புதிதல்ல. வெங்கலக்கடைத் தெரு, மஞ்சனக்காரத் தெரு என்று தெருப் பெயர்களே அதைச் சொல்கின்றன. செல்லூரில் தறி வீட்டுக்குள்தான் இருந்தது. அந்தப் பழக்கத்தில், முன்னறையை இடித்து ஷட்டர் போடுவதை ஒரு சிறிய மராமத்து வேலையாக நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் இன்றைய விதிகளின் பார்வையில் அந்த ஒரு ஷட்டர் மூன்று காரியங்களைச் செய்துவிடுகிறது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தின் முகப்பை அனுமதியில்லாமல் மாற்றிய குற்றம் சேர்கிறது. உள்ளே நடந்த தயாரிப்போடு சில்லறை விற்பனைக் கடை என்ற இரண்டாவது உபயோகமும் சேர்கிறது. வீட்டின் முன் விட்டிருக்க வேண்டிய திறந்தவெளி, வாடிக்கையாளர் நிற்கும் இடமாகவும் வண்டி நிறுத்தும் இடமாகவும் ஆகிறது. அதில் இடம் போதாமல் தெருவுக்கு வருகிறது. அதுவரை "இது வீடுதானா, தொழிற்கூடமா" என்று விவாதிக்க வேண்டியிருந்த அதிகாரிக்கு, ஷட்டர் வந்த பிறகு விவாதிக்க எதுவும் மிச்சமிருக்காது. 2024 ஜூலையில் அறிமுகமான சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது என்பதை அறிந்து, அதில் புது வரைபடம் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அது குடியிருப்புக்கு மட்டுமே உரிய வசதி. அதில் கடை அறையை 'ஹால்' என்று காட்டுவது பொய்ச் சான்று ஆகிவிடும், கையெழுத்துப் போடுவது உங்கள் மாமியாராகத்தான் இருக்கும்.

தொழில் உரிமத்தைப் பொறுத்தவரை, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் கீழ் 2023இல் வந்த விதிகளும் இப்போது நடைமுறையில் உள்ளன. மதுரைக்கென்று இருந்த பழைய தனிச் சட்டத்தின் பிரிவு எண்களை யாராவது மேற்கோள் காட்டினால், எந்தச் சட்டம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு மாமியார் பெயரில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதமும், நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீதும் இணைக்க வேண்டியிருக்கும். தொழிலுக்குப் பயன்படும் பகுதிக்கு மட்டும் குடியிருப்பு அல்லாத வகையில் சொத்து வரி உயரும். முழு வீட்டுக்கும் உயர்த்திவிடாமல் இருக்க, நான் மேலே சொன்ன பரப்பளவு வரைபடம் இங்கேயும் உங்களைக் காப்பாற்றும். உயர்ந்த வரியைக் கட்டுவதால் மட்டும் உபயோகம் சட்டப்படி ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வரி வசூலிப்பவர் வேறு, அனுமதி தருபவர் வேறு.

உங்களுக்கு உண்மையில் அவசரமான ஆபத்து மின்சாரத்தில்தான் இருக்கிறது. மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதன் பிறகே நடவடிக்கை எடுக்கும். மின் இணைப்பு விஷயத்தில் கணக்கு உடனே பணமாக வந்து நிற்கும். வீட்டு இணைப்புக்கு உரிய கட்டண வகையில், கைத்தறி நெசவாளரின் வீட்டுத் தறிக்கும், குடியிருப்போடு சேர்ந்த 200 சதுர அடிக்குள்ளான ஆலோசனை அறைக்கும் இடம் உண்டு. மாவு அரைக்கும் மோட்டாருக்கு இல்லை. வேறு உபயோகத்துக்குப் பெற்ற இணைப்பில் தொழில் செய்வதை, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் அனுமதியற்ற உபயோகம் என்கிறது. அதற்குரிய கட்டண விகிதத்தின் இரண்டு மடங்கு கணக்கிடப்படும். எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் சேர்த்து அது விதிக்கப்படும். மீட்டரைப் படம் எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதால், அவர்கள் கடிதம் வருவதற்கு முன் நீங்களே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் போய், தரைத்தளத்துக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பம் பதிவு செய்யுங்கள். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 12 கிலோவாட் வரை தனிக் கட்டண வகை இருக்கிறது. உங்களுடையது மோட்டார்களும் விளக்குகளும் சேர்ந்தும் அதற்கு வெகு கீழேதான். அந்த வகை, வணிகக் கட்டணத்தைவிடக் குறைவு. இங்கேதான் உங்கள் உத்யம் சான்று உண்மையில் பயன்படும்: நீங்கள் பொருளைத் தயாரிக்கிறவர், வாங்கி விற்கிறவர் அல்ல என்பதை அது காட்டும். தரைத்தளத்தின் ஒயரிங்கை மாடியிலிருந்து முழுதாகப் பிரித்துவிடுங்கள். மாடியில் இருக்கும் வீட்டு இணைப்பும், அதற்கான இலவச அலகுகளும் உங்களுக்குத் தொடரும். ஒருவேளை 126ஆம் பிரிவில் தற்காலிகக் கணக்கீட்டு ஆணை வந்துவிட்டால், அது இறுதி ஆணை அல்ல. எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து நேரில் விளக்கம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த இயந்திரம் எந்த ஆண்டு வாங்கியது என்ற ரசீதுகளை அதற்காகத் தேடி எடுத்து வையுங்கள்.

அடுப்பையும் சொல்லிவிடுகிறேன். பொடிக்கான பருப்பையும் மிளகாயையும் வறுக்க 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை இந்த வாரமே மாற்றி, வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் இணைப்பு பெறுங்கள். மானியச் சிலிண்டரைத் தொழிலில் கண்டுபிடித்தால் மற்ற எல்லா நியாயங்களும் எடுபடாமல் போகும்.

இனி பக்கத்து வீட்டாரைப் பற்றி. அவருடைய புகாரை வெறும் பொறாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே வரம்பு. அந்த விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நீங்கள் கிரைண்டரைப் போடும் அதிகாலை நான்கு மணி சட்டப்படி நடு இரவு. மூன்றடி இடைவெளியில் அடுத்த வீட்டுப் படுக்கையறை இருக்கும் நம் மனைப்பிரிவுகளில், கிரைண்டரின் ஓசையைவிட அது தரை வழியாகக் கடத்தும் அதிர்வுதான் தூக்கத்தைக் கெடுக்கும். அரைப்பதை மதியத்துக்கு மாற்றுங்கள். மாவு புளிக்க இரவு முழுவதும் இருக்கிறது, காலையில் கொடுக்க அது இன்னும் வசதி. இயந்திரங்களின் காலடியில் கனத்த ரப்பர் மெத்தை போட்டு, சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி வையுங்கள். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, புகாரின் பாதி பலம் அதோடு போய்விடும்.

மற்றொரு பாதி பெரும்பாலும் கழிவுநீரில் இருக்கும். அரிசி கழுவிய நீரும் கிரைண்டர் கழுவிய மாவு நீரும் பாதாளச் சாக்கடைக் குழாயில் படிந்து, புளித்து, வெயில் நாளில் நாற்றம் எடுப்பதோடு, அடைப்பையும் உண்டாக்கும். சாக்கடை பொங்கினால் முதலில் பொங்குவது உங்கள் வாசலிலாக இருக்காது, தாழ்வான அடுத்த வாசலில் இருக்கும். கழுவும் நீர் நேரே குழாய்க்குப் போகாமல் இரண்டு அறை கொண்ட சிறு படிவுத்தொட்டி ஒன்றைக் கட்டி, அடியில் தங்கும் மாவை ஒன்றுவிட்ட நாளில் அள்ளி மாட்டுத் தொழுவத்துக்குக் கொடுத்துவிடலாம். சுகாதார ஆய்வாளர் வந்தால் அவர் முதலில் பார்க்கப்போவதும் இதைத்தான்.

வாடிக்கையாளர் மாலையில் வாசலில் நின்று வாங்குவது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் குறைத்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதை அதிகப்படுத்துங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தையல் தொழிலில், ஒரு மெஷினில் தொடங்கி எட்டு மெஷின் ஆன வரையில் தெருவில் எவரும் வாய் திறக்கவில்லை. துணி கொடுக்க வந்தவர்களின் பைக்குகள் எதிர்வீட்டு வாசலை மறைத்த மாதத்தில்தான் புகார் போனது.

எழுத்தில் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்; வாங்க மறுப்பதால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்களே ஒழிய, அதன் காலக்கெடு நிற்காது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எத்தனை நாளுக்குள் பதில், எந்த அதிகாரியின் கையெழுத்து என்பவற்றைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் குறிப்பிடப்பட்டிருந்தால், அது உபயோகத்தையோ கட்டடத்தையோ பழைய நிலைக்குக் கொண்டுவரவும், நடக்கும் வேலையை நிறுத்தவும் சொல்லும் நோட்டீஸ். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, ஆனால் நாட்கள் குறைவு. அந்த நிலையில் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தொழில் உரிமம் இல்லை என்பது மட்டும் குறையாகச் சொல்லப்பட்டிருந்தால், விண்ணப்பித்த ஒப்புகையைக் காட்டி அவகாசம் கேட்பதே போதுமானதாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பதில் எழுதி, கேட்காத குறையை ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

நீங்கள் யாருக்கும் தெரியாமல் நடத்திவிடலாம் என்று நினைப்பவர் அல்ல என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் அப்படி யோசனை சொல்கிறவர்களுக்காக ஒன்று: பொட்டலப் பொருட்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவுப் பையிலும் தயாரிப்பாளரின் முழு முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த மாதம், புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சாக வேண்டும், அதோடு உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை பை விற்கிறதோ அத்தனை முறை உங்கள் வீட்டு முகவரி ஊருக்குள் போகிறது. ஆகவே இடத்தை முறைப்படுத்துவது தவிர வேறு வழி கிடையாது.

இதே போன்ற கேள்வியை வேறு சிலரும் அனுப்பியிருப்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினியில் வேலை செய்பவர்கள், வீட்டில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள் இதில் எதற்கும் கலங்க வேண்டியதில்லை. எல்லீஸ் நகர், அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற இடங்களில் வீட்டு வசதி வாரிய மனையோ வீடோ வாங்கியவர்கள், கிரயப் பத்திரத்தில் உபயோகம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் தொழிலுக்குச் சம்மதம் எழுதி வாங்காமல் இயந்திரம் இறக்க வேண்டாம். குடியிருக்க விட்ட வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். ஊராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். அதன் 159, 160ஆம் பிரிவுகள் தொழில் உரிமத்தையும் இயந்திரம் நிறுவுவதற்கான அனுமதியையும் தனித்தனியாகச் சொல்கின்றன. கிராமம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியவற்றின் வரிசை இதுதான். நாளையே அரைக்கும் நேரத்தை மாற்றுங்கள். சிலிண்டரையும் மின் இணைப்பையும் இந்த வாரத்தில் முடியுங்கள். பழைய வரைபடத்தைத் தேடிக்கொண்டே நில உபயோக மனுவைக் கொடுங்கள். அதன் பதில் வந்த பிறகு தொழில் உரிமமா, இடமாற்றமா என்பதை முடிவு செய்யுங்கள். இதற்கிடையில் கிரைண்டரை இன்னொன்று கூட்டவோ நான்காவது ஆளைச் சேர்க்கவோ வேண்டாம்; எதிர்காலத்தில் ஆர்டர் பெருகி அந்தத் தேவை வந்தால், கே.புதூரிலும் கப்பலூரிலும் உள்ள சிட்கோ தொழிற்பேட்டைகளில் வாடகைக்கு இடம் கிடைக்கிறதா என்று அப்போது விசாரிக்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முறை யார் வந்து வாசலில் நின்றாலும், அந்தக் கோப்பை நீட்டி, சொல்வதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். நில உபயோகப் பதில் கிடைத்ததும் அதன் நகலோடு எனக்கு மீண்டும் எழுதினால், உரிம விண்ணப்பத்துக்கான வரைபடத்தை எப்படி அமைப்பது என்பதை அப்போது விரிவாகச் சொல்கிறேன்.